எலக்ட்ரோகலோரிக் விளைவை அளப்பது எப்படி: தயக்கக் கண்ணியை நம்பும் முன் செய்ய வேண்டியவை

ஃபெரோஎலக்ட்ரிக் பொருளுக்கு (புலம் இல்லாதபோதும் தன் மின்முனைவைத் தக்கவைக்கும் பொருள்) மின்புலம் கொடுத்தால் அது லேசாகச் சூடாகும். புலத்தை எடுத்தால் ஏறக்குறைய அதே அளவு குளிரும். இதுதான் எலக்ட்ரோகலோரிக் விளைவு. புலம் பொருளுக்குள் இருக்கும் டைபோல்களை (நேர், எதிர் மின்னூட்ட இணைகளை) வரிசைப்படுத்தும்போது அவற்றின் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை, குறைகிறது. வெப்பம் வெளியேற நேரம் கிடைக்காவிட்டால், அப்படிக் குறைந்த அளவு என்ட்ரோபி அணு அதிர்வுகளுக்குப் போய்ச் சேர்ந்து வெப்பநிலையை ஏற்றுகிறது.

1930-இல் சோவியத் இயற்பியலாளர்கள் கோபெகோவும் குர்ச்சாதோவும் ரோஷெல் உப்பில் இதைக் கண்டார்கள். அதன்பின் பல பத்தாண்டுகளுக்குத் துறை தூங்கிக் கிடந்தது. 2006-இல் 350 நானோமீட்டர் தடிமனுள்ள லெட் சிர்கோனேட் டைட்டனேட் படலத்தில் வெறும் 25 வோல்ட்டுக்கு 12 கெல்வின் என்ற முடிவு வெளியானதும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். அந்த 12 கெல்வின் வெப்பமானியில் படித்த எண் அல்ல, பல வெப்பநிலைகளில் எடுத்த தயக்கக் கண்ணிகளிலிருந்து, அதாவது புலம் ஏறி இறங்கும்போது முனைவாக்கம் (டைபோல்கள் வரிசைப்பட்ட அளவு) வரையும் மூடிய வளைவுகளிலிருந்து, கணக்கிட்ட எண். இன்றும் பெரும்பாலான ஆய்வகங்கள் அந்த வழியிலேயே போகின்றன. வழி தவறில்லை. ஆனால் கண்ணியில் உள்ள ஒவ்வொரு பிழையும் கெல்வினாக மாறி முடிவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் இங்கே கண்ணியிலிருந்து கணக்கிடுவது, நேரடியாக அளப்பது என இரண்டையும் ஒரே மாதிரியில் செய்து ஒன்றால் மற்றொன்றைச் சரிபார்க்கும் முறையைச் சொல்கிறோம்.

மாதிரி

இரண்டு வகை மாதிரிகள் கைக்கு அடக்கமானவை. ஒன்று பேரியம் டைட்டனேட் பீங்கான் வட்டு. 10 மி.மீ. விட்டம், 0.3 மி.மீ. தடிமன், இருபுறமும் 8 மி.மீ. விட்டத்துக்கு வெள்ளி எலக்ட்ரோடு. விளிம்பில் 1 மி.மீ. வெறுமையாக விட வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பைச் சுற்றிப் பொறி பாயும். மெருகேற்றிய வட்டில் தகைவு தங்கியிருக்கும். வெள்ளிப் பேஸ்ட்டைச் சுடும்போதே பெரும்பாலும் அது தளர்ந்துவிடும். எலக்ட்ரோடாகத் தங்கத்தைப் படியவைப்பவர்கள் அதற்கு முன் வட்டைத் தனியாக ஒருமுறை 500 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி மெதுவாக ஆறவிடுவது நல்லது.

மற்றொன்று கடையில் கிடைக்கும் அடுக்குப் பீங்கான் மின்தேக்கி. ஒய்5வி (Y5V) வகையில் பேரியம் டைட்டனேட்டின் கியூரி வெப்பநிலையை (ஃபெரோஎலக்ட்ரிக் தன்மை மறையும் வெப்பநிலை) அறை வெப்பநிலைக்கு அருகே இழுத்துக்கொண்டு வந்திருப்பார்கள், அதனால் அடுப்பு இல்லாமலே விளைவு தெரியும். இந்த வகை இப்போது அருகி வருகிறது. கிடைத்தால் 1210 (3.2 × 2.5 மி.மீ.) அல்லது அதைவிடப் பெரிய அளவில், 50 வோல்ட்டுக்குமேல் தாங்குவதாக வாங்குங்கள். எக்ஸ்7ஆர் வகையிலும் செய்யலாம், ஆனால் வெப்பநிலையோடு மாறாமல் இருப்பதற்கென்றே தயாரித்த பொருள் அது. முனைவாக்கம் வெப்பநிலையோடு மாறினால்தான் நமக்கு விளைவு கிடைக்கும். வணிக அடுக்கு மின்தேக்கிகளில் மைக்ரோமீட்டருக்கு 30 வோல்ட் அளவில் அரை கெல்வின் வரை அளந்திருக்கிறார்கள். தாங்கும் மின்னழுத்தத்துக்குள் நின்றால் அதைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள்.

அடுக்கு மின்தேக்கியின் பெரிய குறை, உள்ளே அடுக்கின் தடிமனும் பரப்பும் தெரியாது என்பது. கூடவே வாங்கிய இன்னொன்றைக் குறுக்கே தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் மின்புலம், முனைவாக்கம் என்று பேச முடியும். அதுவரை வோல்ட், கூலும் என்று மட்டும் எழுதிவையுங்கள்.

அலகுகளில் தடுமாற்றம் வருவது இங்கே சகஜம். மில்லிமீட்டருக்கு 1 கிலோவோல்ட் என்பதும் சென்டிமீட்டருக்கு 10 கிலோவோல்ட் என்பதும் மைக்ரோமீட்டருக்கு 1 வோல்ட் என்பதும் ஒன்றே. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோகூலும் என்றால் சதுர மீட்டருக்கு 0.01 கூலும்.

கண்ணியை எடுக்கும் சுற்று

1930-இல் வந்த சாயர்–டவர் சுற்றே இன்றும் போதும். உயர் மின்னழுத்தப் பெருக்கி, அதையடுத்து 100 கிலோஓம் மின்தடை, பிறகு மாதிரி, அதற்குத் தொடராக ஒரு ஒப்பீட்டு மின்தேக்கி, கடைசியில் தரை. ஒப்பீட்டு மின்தேக்கியில் விழும் மின்னழுத்தத்தை அதன் மின்தேக்குத்திறனால் பெருக்கினால் மாதிரியில் சேர்ந்த மின்னூட்டம் வரும்.

ஒப்பீட்டு மின்தேக்கியின் அளவை இப்படித் தீர்மானியுங்கள். எலக்ட்ரோடின் பரப்பு 0.5 சதுர சென்டிமீட்டர். முனைவாக்கம் அதிகபட்சம் சதுர சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோகூலும் என்று வைத்தால் மின்னூட்டம் 10 மைக்ரோகூலும். 10 மைக்ரோஃபாரட் போட்டால் 1 வோல்ட் கிடைக்கும். மாதிரிக்குக் கொடுக்கும் 600 வோல்ட்டில் 1 வோல்ட் குறைவது பொருட்டே இல்லை. அந்த 10 மைக்ரோஃபாரட் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் படல மின்தேக்கியாக இருக்கட்டும். அவசரத்துக்குப் பீங்கான் மின்தேக்கியைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஒரு ஃபெரோஎலக்ட்ரிக்தான், திரையில் தெரிவது இரண்டு கண்ணிகளின் கலவையாகிவிடும்.

அடுத்த பொறி ஆசிலோஸ்கோப்பின் உள்ளீட்டு மின்தடை. 1 மெகாஓமும் 10 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்தால் நேர மாறிலி 10 வினாடி. 1 ஹெர்ட்ஸில் இதனால் வரும் பிழை 1.6 சதவீதம், தாங்கலாம். 0.1 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 16 சதவீதம். அப்போது கண்ணி மூடாமல் நிற்கும், அதைப் பார்த்து மாதிரியில் கசிவு என்று முடிவுகட்டிவிடுவோம். மெதுவாக அளப்பதென்றால் உள்ளீட்டுக் கசிவு மிகக் குறைந்த ஆப்-ஆம்ப் ஒன்றை இடையில் வையுங்கள்.

மாதிரி உடைந்தால் முழு மின்னழுத்தமும் ஒப்பீட்டு மின்தேக்கி வழியாக ஆசிலோஸ்கோப்புக்குள் போகும். மின்தேக்கிக்கு இணையாக, கசிவு குறைந்த இருதிசை டிவிஎஸ் டயோடு (மிகை மின்னழுத்தத்தைத் தரைக்குத் திருப்பும் டயோடு) ஒன்று கட்டாயம். 100 கிலோஓம் மின்தடையும் இதற்காகத்தான், உடையும்போது 600 வோல்ட்டுக்கு 6 மில்லிஆம்பியருக்குமேல் போகாது. அறை வெப்பநிலையில் மாதிரியின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 3 நானோஃபாரட், கியூரி வெப்பநிலையருகே 15 நானோஃபாரட் வரை போகலாம். 100 கிலோஓமோடு சேர்ந்தாலும் நேர மாறிலி 1.5 மில்லிவினாடிதான், 1 ஹெர்ட்ஸில் கண்ணியைக் கெடுக்காது.

அடுக்கு மின்தேக்கிக்கு இந்தச் சுற்று ஒத்துவராது, மின்னூட்டம் அதிகம். 100 ஓம் மின்தடையைத் தொடராகப் போட்டு மின்னோட்டத்தை அளந்து, கணினியில் தொகையிடுங்கள். 2.2 மைக்ரோஃபாரட் மாதிரிக்கு 1 ஹெர்ட்ஸ், நேரும் எதிரும் 50 வோல்ட் முக்கோண அலை கொடுத்தால் வினாடிக்கு 200 வோல்ட் ஏற்றம். மின்னோட்டம் அதிகபட்சம் 0.44 மில்லிஆம்பியர், மின்தடையில் 44 மில்லிவோல்ட். புலம் ஏறும்போது ஒய்5வியின் மின்தேக்குத்திறன் சரிந்துவிடும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே பார்ப்பீர்கள்.

பாதுகாப்பை ஒரு பத்தியில் முடித்துவிடலாம், கடைப்பிடிப்பதில்தான் குறுக்குவழி கிடையாது. மாதிரிப் பெட்டி தரையிட்ட உலோகமாக இருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் மின்னழுத்தம் தானாக அறுபட வேண்டும். பெருக்கியின் வெளியீட்டுக்கு இணையாக 10 மெகாஓம் வடிகால் மின்தடை வேண்டும். கை வைக்கும் முன் தரைக்கம்பியால் தொட்டு வெறுமையாக்குங்கள். அடுக்கு மின்தேக்கியை அதன் வரம்புக்குமேல் ஏற்றினால் வெடித்துச் சிதறும், மறைப்புத் தகடு இல்லாமல் செய்ய வேண்டாம்.

திரையில் தெரிவது முனைவாக்கம்தானா

முட்டை வடிவில் உருண்டு, நுனி மழுங்கிய கண்ணி வந்தால் அது பெரும்பாலும் கசிவு. 2008-இல் இயற்பியலாளர் ஜே. எஃப். ஸ்காட் வாழைப்பழத் தோலுக்கு எலக்ட்ரோடு வைத்து, அச்சில் வெளிவரும் பல 'ஃபெரோஎலக்ட்ரிக்' கண்ணிகளைப் போலவே ஒன்றை எடுத்துக் காட்டினார். வாழைத்தோல் ஃபெரோஎலக்ட்ரிக் அல்ல, ஈரமான கடத்தி. அந்த எச்சரிக்கை இன்னும் தேவைப்படுகிறது.

சோதிக்க இரண்டு வழிகள். ஒன்று, அதிர்வெண்ணை மாற்றுவது. 10, 3, 1 ஹெர்ட்ஸில் கண்ணி எடுங்கள். புலம் பூஜ்யமாகும்போது எஞ்சும் மின்னூட்டம் அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்தில் பெருகினால் அது கசிவு. உண்மையான முனைவாக்கம் இந்த இடைவெளியில் சில சதவீதமே மாறும். இரண்டாவது வழி இன்னும் விரைவானது: கண்ணியைவிட்டு மின்னோட்டத்தைப் பாருங்கள். டொமைன்கள் (டைபோல்கள் ஒரே திசையில் நிற்கும் பகுதிகள்) திரும்பும்போது கோயர்சிவ் புலத்தருகே (முனைவாக்கத்தைப் பூஜ்யமாக்கும் எதிர்ப்புலம்) மின்னோட்டம் ஒரு முகடாக எழுந்து அடங்கும். கசிவில் மின்னோட்டத்தின் உச்சம் மின்னழுத்தத்தின் உச்சத்திலேயே விழும். முகடு இல்லையென்றால் கண்ணி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

இடுப்பு சிறுத்த கண்ணி வந்தால் உடனே எதிர்ஃபெரோஎலக்ட்ரிக் (அடுத்தடுத்த டைபோல்கள் எதிரெதிராக நிற்கும் பொருள்) என்று முடிவுகட்ட வேண்டாம். அயனிக் குறைபாடுள்ள பேரியம் டைட்டனேட் வாரக்கணக்கில் கிடந்து மூப்படைந்தாலும் இப்படித்தான் தெரியும். கியூரி வெப்பநிலைக்குமேல் ஒருமுறை சூடாக்கி ஆறவைத்து மீண்டும் எடுங்கள். இடுப்பு திறந்துகொண்டால் அது மூப்பு.

தொடர்ந்து ஓடவிட்டுக் கண்ணி பார்ப்பது இன்னொரு பழக்கப் பிழை. கண்ணியின் பரப்பு என்பது ஒரு சுற்றுக்கு ஒரு கன அளவில் வெப்பமாகும் ஆற்றல். கோயர்சிவ் புலம் சென்டிமீட்டருக்கு 4 கிலோவோல்ட், எஞ்சிய முனைவாக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 8 மைக்ரோகூலும் என்று வையுங்கள். பரப்பு தோராயமாக இவ்விரண்டின் பெருக்கத்தைப்போல் நான்கு மடங்கு, அதாவது கனமீட்டருக்கு 1.3 லட்சம் ஜூல். பேரியம் டைட்டனேட் பீங்கானின் அடர்த்தியையும் தன்வெப்பத்தையும் பெருக்கினால் கனமீட்டருக்குக் கெல்வினுக்கு ஏறத்தாழ 30 லட்சம் ஜூல். ஆக ஒரு சுற்றுக்கு 0.043 கெல்வின். 10 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 0.43 கெல்வின்! நிலையான காற்றில் இந்த வட்டின் வெப்ப நேர மாறிலி 45 வினாடி அளவில் இருக்கும், அப்படியே ஓடவிட்டால் அடுப்பு காட்டுவதைவிட மாதிரி 19 கெல்வின் சூடாக நிற்கும். சிலிக்கோன் எண்ணெயில் நேர மாறிலி 4, 5 வினாடி என்றால்கூட 2 கெல்வின் வித்தியாசம். நாம் தேடும் விளைவே 0.3 கெல்வின். அதனால் ஒரு முன்சுற்று, ஒரு அளவுச்சுற்று, பிறகு நிறுத்தம் என்றே எடுங்கள்.

வெப்பநிலை வரிசையும் மேக்ஸ்வெல் கணக்கும்

வட்டைச் சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கவைத்து 160 டிகிரி வரை ஏற்றி, அங்கிருந்து இறக்கிக்கொண்டே அளப்பது நல்லது. கியூரி வெப்பநிலைக்கு மேலிருந்து தொடங்கினால் பழைய டொமைன் வரலாறு அழிந்துவிடும். பேரியம் டைட்டனேட்டில் நிலைமாற்றம் முதல்வகையைச் சேர்ந்தது, ஏறும்போதும் இறங்கும்போதும் சில கெல்வின் தள்ளி நடக்கும். ஏற்றத்தில் பாதியும் இறக்கத்தில் பாதியும் எடுத்துக் கலந்தால் நடுவில் ஒரு போலிப் படிக்கட்டு உருவாகும். கியூரி வெப்பநிலை 120 டிகிரியை ஒட்டி இருக்குமென்றால் 135-இலிருந்து 110 வரை 1 கெல்வின் இடைவெளி, மற்ற இடங்களில் 5 கெல்வின். ஒவ்வொரு படியிலும் எண்ணெய் நிலைத்தபின் 5 நிமிடம் பொறுங்கள்.

கணக்குக்குக் கண்ணியின் மேல்கிளையை மட்டும் எடுங்கள்: புலம் உச்சத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் பகுதி. ஒவ்வொரு புலத்துக்கும் முனைவாக்கத்தை வெப்பநிலையோடு வரைந்து சரிவைக் கண்டுபிடித்து, பிறகு மேக்ஸ்வெல் தொடர்பின்படி (என்ட்ரோபி புலத்தோடு மாறும் வீதமும் முனைவாக்கம் வெப்பநிலையோடு மாறும் வீதமும் சமம் என்பது) இப்படித் தொகையிட வேண்டும்:

வெப்பநிலை மாற்றம் = − (வெப்பநிலை ÷ அடர்த்தி × தன்வெப்பம்) × (முனைவாக்கச் சரிவைப் புலத்தின்மேல் தொகையிட்டது)

இதில் அடர்த்தியும் தன்வெப்பமும் பெருக்கி வகுபடும் எண்ணாகக் கீழே நிற்கின்றன. எடுத்துக்காட்டாக 400 கெல்வினில் சரிவு கெல்வினுக்கு −0.1 மைக்ரோகூலும்/செ.மீ², அதாவது சதுர மீட்டருக்கு −0.001 கூலும். புலம் பூஜ்யத்திலிருந்து மீட்டருக்கு 20 லட்சம் வோல்ட் வரை, இது சென்டிமீட்டருக்கு 20 கிலோவோல்ட்தான். 400 ÷ 30 லட்சம் × 0.001 × 20 லட்சம் = 0.27 கெல்வின்.

சரிவைக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முனைவாக்க அளவீட்டில் 0.02 மைக்ரோகூலும் இரைச்சல் இருந்தால், 1 கெல்வின் இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளிலிருந்து வரும் சரிவில் 0.028 பிழை, 0.1-இல் கால்பங்குக்கும் மேல். ஐந்து புள்ளிகளுக்கு ஒரு நேர்கோடு பொருத்தினால் பிழை 0.006-ஆகக் குறையும். ஒன்பதாம் படி பல்லுறுப்புக்கோவை பொருத்துவது வரைபடத்தை வழவழப்பாக்கும், ஆனால் இரு முனைகளிலும் இல்லாத முகடுகளைக் கொண்டுவரும். வெளியான வரைபடங்களில் வெப்பநிலை வரம்பின் ஓரத்தில் திடீரென்று எழும் முகடுகளைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

குறி மாறி வந்தால் இன்னும் கவனம். புலம் கொடுத்தால் குளிர்கிறது என்ற எதிர்விளைவு உண்மையிலேயே உண்டு, லெட் சிர்கோனேட் போன்ற எதிர்ஃபெரோஎலக்ட்ரிக்குகளில் அதைப் பார்க்கலாம். ஆனால் அறை வெப்பநிலையருகே சாதாரண ஃபெரோஎலக்ட்ரிக்கில் அது வந்தால் பெரும்பாலும் காரணம் வேறு. கோயர்சிவ் புலம் அதிகமாக இருக்கும் தாழ்ந்த வெப்பநிலையில் கண்ணி முழுதாகத் திறந்திருக்காது. சூடேற ஏற டொமைன்கள் எளிதாகத் திரும்ப, முனைவாக்கம் கூடுவதுபோல் தெரியும். அது சமநிலையின் வெப்பநிலைச் சார்பு அல்ல, டொமைன்களின் சோம்பல் குறைவது. புலத்தை இன்னும் உயர்த்தினால் போலி எதிர்விளைவு மறையும்.

ரிலாக்சர் வகைப் பொருள்களுக்கு, உதாரணமாக லெட் மெக்னீசியம் நையோபேட்டை அடிப்படையாகக் கொண்டவற்றுக்கு, மேக்ஸ்வெல் தொடர்பு கண்டிப்பாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அவற்றின் நிலை வரலாற்றைச் சார்ந்தது, அந்தத் தொடர்போ சமநிலையை முன்வைத்துப் பிறந்தது. அங்கே கணக்கிட்ட எண் மதிப்பீடு மட்டுமே, நேரடி அளவீடுதான் சாட்சி.

நேரடியாக அளப்பது

இதில் கருவி குறைவு, பொறுமை அதிகம். வட்டைச் சிலிக்கோன் எண்ணெயிலிருந்து எடுத்துத் துடைத்து, மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டு, காற்றுப் போக்கில்லாத உலோகப் பெட்டிக்குள் வையுங்கள். 600 வோல்ட்டுக்கு உலர்ந்த காற்றில் 1 மி.மீ. விளிம்பு போதும். வெப்ப இழப்பைக் குறைக்க அரைகுறை வெற்றிடம் இறைப்பது மட்டும் வேண்டாம். காற்றில் சில மில்லிபார் அழுத்தத்தில் 330 வோல்ட்டுக்கே மின்னிறக்கம் தொடங்கிவிடும். ஒன்று வளிமண்டல அழுத்தம், இல்லையேல் உயர்ந்த வெற்றிடம்.

கம்பி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அளவீட்டையே தீர்மானிக்கும். 1210 அளவு மின்தேக்கியின் எடை ஏறத்தாழ 0.1 கிராம், வெப்ப ஏற்புத்திறன் கெல்வினுக்கு 0.05 ஜூல். அதை 4 செ.மீ. நீளமும் 0.1 மி.மீ. விட்டமும் உள்ள இரண்டு தாமிரக் கம்பிகளில் தொங்கவிட்டால் கம்பி வழியாக வெப்பம் வடிய 300 வினாடிக்குமேல் ஆகும். அதே நீளத்துக்கு 0.5 மி.மீ. கம்பி போட்டால் 13 வினாடி. முதல் வழியில் காற்று வழியான இழப்பே முக்கியமாக நிற்கும், அது 2 நிமிட அளவு. இரண்டாவது வழியில் கம்பியே குளிர்விப்பானாகிவிடும்.

தெர்மோகப்பிளில் ஈ வகை பொருத்தமானது. கெல்வினுக்கு ஏறத்தாழ 60 மைக்ரோவோல்ட், கே வகையில் 41 மட்டுமே. டி வகையின் ஒரு கால் தாமிரம், வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். கம்பி 0.08 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியதாக இருக்கட்டும். 0.27 கெல்வினுக்கு 16 மைக்ரோவோல்ட்தான் கிடைக்கும், நானோவோல்ட்மீட்டரோ நல்ல 24-பிட் மாற்றியோ வேண்டும். அது இல்லாதவர்கள் சூடேறினால் மின்தடை குறையும் மிகச் சிறிய மணி வடிவ என்டிசி தெர்மிஸ்டரைப் பயன்படுத்தலாம். 10 கிலோஓம் மணியில் கெல்வினுக்கு 4 சதவீத மாற்றம் கிடைக்கும். அதில் 0.1 மில்லிஆம்பியர் ஓட்டினால் அது தானே 0.1 மில்லிவாட் சூடு கொடுக்கும், 10 மைக்ரோஆம்பியரோடு நிறுத்துங்கள்.

தெர்மோகப்பிளைத் தரையோடு இணைந்த எலக்ட்ரோடின் பக்கம் மட்டும் ஒட்டுங்கள். பசையின் எடையைக் கவனியுங்கள். வட்டின் மொத்த வெப்ப ஏற்புத்திறன் கெல்வினுக்கு 0.07 ஜூல். 1 மில்லிகிராம் பசை 1.4 சதவீதம் வெப்பத்தைத் தின்னும், தாராளமாக 10 மில்லிகிராம் தடவினால் 14 சதவீதம். ஊசிமுனையில் தொட்டு வைத்த அளவே போதும்.

மின்னழுத்தத்தின் வடிவம்: 20 முதல் 50 மில்லிவினாடியில் ஏற்றம், பிறகு மாதிரி சுற்றுப்புற வெப்பநிலைக்குத் திரும்பும்வரை பிடித்து வைத்தல், அதே வேகத்தில் இறக்கம். வட்டின் தடிமனுக்குள் வெப்பம் சமப்பட 10 மில்லிவினாடி போதும், எனவே இந்த ஏற்றம் பொருத்தமான வேகம். ஏற்றத்தில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள், இறக்கத்தில் விட்டுவிடுவார்கள். பல ஒருதிசை மின்வழங்கிகளால் மின்னோட்டத்தை உள்வாங்க முடியாது. நிறுத்தினால் மின்னழுத்தம் பல வினாடிகள் எடுத்து மெதுவாக வடியும், அதற்குள் வெப்பம் கலந்துவிட, குளிர்ச்சி சிறியதாகத் தெரியும். ரிலே ஒன்றை வைத்து மாதிரியை ஒரு மின்தடை வழியாகத் தரைக்கு இறக்குங்கள். 2.2 மைக்ரோஃபாரட்டுக்கு 1 கிலோஓம் போதும், நேர மாறிலி 2.2 மில்லிவினாடிதான், 10 மில்லிவினாடியில் ஏறக்குறைய காலியாகிவிடும், வெப்பமும் மின்தடையில்தான் விழும்.

தாவல் முடிந்தபின் வரும் சரிவுக்கு ஒரு அடுக்குக்குறி வளைவைப் பொருத்தி, மின்னழுத்தம் பாதி ஏறிய நேரத்துக்குப் பின்னோக்கி நீட்டிப் படியுங்கள். தாவலுக்கு முந்தைய அடிக்கோட்டையும் அப்படியே முன்னோக்கி நீட்டுங்கள். இரண்டுக்கும் இடையிலான உயரமே விடை. உச்சப்புள்ளியை மட்டும் படித்தால் எப்போதும் குறைவாகவே வரும்.

ஒவ்வொரு வெப்பநிலையிலும் நேர் மின்னழுத்தம் ஒரு தொகுதி, எதிர் மின்னழுத்தம் ஒரு தொகுதி எடுங்கள். எலக்ட்ரோகலோரிக் வெப்பம் புலத்தின் திசையைப் பார்ப்பதில்லை, இரண்டிலும் சூடாகும். தெர்மோகப்பிளில் மின்புலம் தூண்டும் போலிச் சமிக்ஞை திசை மாறினால் குறி மாறும். இரண்டின் சராசரியில் போலி போய்விடும். திசை மாற்றியபின் வரும் முதல் துடிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் டொமைன்கள் புரளும் வெப்பமும் கலந்திருக்கும்.

மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்போது வெப்பநிலை பழைய கோட்டுக்குத் திரும்பாமல் அதற்குமேல் நின்றால் கசிவைக் கணக்கிடுங்கள். 600 வோல்ட்டில் 1 மைக்ரோஆம்பியர் என்றால் 0.6 மில்லிவாட், வட்டு வினாடிக்கு 9 மில்லிகெல்வின் ஏற முயலும். சூடான பகுதியில் கசிவு மிகுவதால் இது 150 டிகிரிக்குமேல் கண்டிப்பாகத் தலைகாட்டும்.

இரண்டு எண்களும் ஒத்துப்போகாதபோது

கணக்கு 0.27 சொல்லி, தெர்மோகப்பிள் 0.16 சொன்னால் பதற வேண்டாம். வட்டின் எலக்ட்ரோடு 8 மி.மீ., வட்டோ 10 மி.மீ. புலம் பாயும் பகுதி 64 சதவீதமே, மீதி 36 சதவீதம் சும்மா இருந்து வெப்பத்தை உறிஞ்சும். விளிம்புக்கு வெப்பம் பரவிச் சமப்பட ஓரிரு வினாடி ஆகும். அதன்பின் படித்தால் 0.27-க்குப் பதில் 0.17-தான் எதிர்பார்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 10 மைக்ரோமீட்டர் வெள்ளி இருந்தால் அது இன்னும் சில சதவீதம் எடுத்துக்கொள்ளும். அடுக்கு மின்தேக்கியில் மேல்கீழ் உறைகளும் முனை உலோகமும் இந்த வேலையைச் செய்கின்றன. திருத்தம் போட்டபின் 20 சதவீதத்துக்குள் பொருந்தினால் நல்ல அளவீடு.

நேரடி அளவு கணக்கைவிட அதிகமாக வந்தால் கசிவு வெப்பத்தையோ டொமைன் புரள்வையோ சேர்த்துப் படித்திருப்பீர்கள். குளிர்ச்சித் தாவலை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். இழப்புகள் எப்போதும் சூடாகவே வரும், குளிர்ச்சியை அவற்றால் பெரிதாக்க முடியாது. அதனால் வெளியிடுவதற்கு ஒரே ஒரு எண் வேண்டுமென்றால் புலம் எடுக்கும்போது வரும் குளிர்ச்சியைக் கொடுப்பதுதான் நேர்மை.

சூட்டுத் தாவலுக்கும் குளிர்ச்சித் தாவலுக்கும் உள்ள வித்தியாசம் ஒருதிசைக் கண்ணியின் பரப்போடு பொருந்த வேண்டும். ஒருதிசைக் கண்ணி (புலம் பூஜ்யத்துக்கும் உச்சத்துக்கும் இடையே மட்டும் போய்வரும்போது கிடைப்பது) மெலிந்தது. பரப்பு கனமீட்டருக்கு 15,000 ஜூல் என்றால் வித்தியாசம் 5 மில்லிகெல்வின், தெர்மோகப்பிளின் இரைச்சலுக்குள் ஒளிந்துகொள்ளும். அதைப் பிடிக்க 10 ஹெர்ட்ஸில் 20 ஒருதிசைச் சுற்றுகளைத் தொடர்ந்து கொடுத்து, முன்னும் பின்னும் வெப்பநிலை பாருங்கள். 2 வினாடியில் வெப்பம் எங்கும் போகாது, 100 மில்லிகெல்வின் குவிந்து நிற்கும். கண்ணியின் பரப்பிலிருந்து கணக்கிட்டதும் இதுவும் ஒத்துவந்தால் உங்கள் மின்னூட்ட அளவீடும் வெப்ப அளவீடும் ஒரே கோட்டில் இருக்கின்றன என்று அர்த்தம். குளிர்விப்பான் செய்ய நினைப்பவர்களுக்கு இந்த எண் தாவலின் உயரத்தைவிட முக்கியம், ஒவ்வொரு சுற்றிலும் வெளியேற்ற வேண்டிய வீண் வெப்பம் இதுதான்.

கியூரி வெப்பநிலைக்கு ஓரிரு கெல்வின் அருகே மட்டும் ஒரு விசித்திரம் நடக்கலாம்: முதல் துடிப்பில் நல்ல சூடு, புலம் எடுத்தால் குளிர்ச்சி அற்பம், இரண்டாம் துடிப்பில் சூடும் அற்பம். கருவியில் கோளாறு தேடி நேரம் போக்காதீர்கள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடைப்பட்ட வெப்பநிலைத் தயக்கத்துக்குள் மாதிரி நிற்கிறது. புலம் அதை ஃபெரோஎலக்ட்ரிக் நிலைக்குத் தள்ளிவிட்டது, புலம் போனபின் திரும்பி வர அதற்குக் காரணம் இல்லை. 2, 3 கெல்வின் மேலே ஏற்றி அதே துடிப்பைக் கொடுத்தால் சூடும் குளிர்ச்சியும் மீண்டும் சமப்படும்.